ஈகையிலிருந்து சட்டத்திற்கு: இராஜாஜியின் பொதுவாழ்வும் கொடைச் சிந்தனையும்

ஆய்வுச் சுருக்கம்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, இந்தியாவின் தலைமை ஆளுநர் பொறுப்பு வரை உயர்ந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரின் (1878–1972) வாழ்வைத் தனிமனிதக் கொடை, பொதுத்தொண்டு, அரசியல் தலைமை என்னும் மூன்றின் உறவு நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது. ஆசிரம வாழ்வில் கொடையாக வழங்கியதை ஆட்சிக் காலத்தில் அவர் சட்டமாக்க முயன்றதும், முதுமையில் அரசின் கை நீளுவதை எதிர்த்துத் தனிமனிதப் பொறுப்பிற்கே திரும்பியதும் இங்கு விளக்கப்படுகின்றன. பெறுவோரின் இசைவு கிடைத்த இடங்களில் அவருடைய பணி நிலைபெற்றது. அது கேட்கப்படாத இடங்களில் நன்னோக்கம் மட்டும் போதுமானதாக இல்லை என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இராஜாஜி, ஈகை, ஒப்புரவு, மதுவிலக்கு, காந்தி ஆசிரமம், சுதந்திராக் கட்சி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

முன்னுரை

தமிழ் அறநூல் மரபு கொடுத்தலை இரு நிலைகளில் வைத்துக் காண்கிறது. திருக்குறளின் இல்லறவியலில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும், ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வறியவர் ஒருவருக்கு அவர் தேவையறிந்து வழங்குவது ஈகை. ஊருணியில் நிறைந்த நீரும் ஊர் நடுவே பழுத்த மரமும் போல ஒருவரின் செல்வம் ஊருக்கே பயன்படுவது ஒப்புரவு. இவ்விரண்டும் இல்வாழ்வானின் கடமைகளாகவே கூறப்பட்டுள்ளன. நாடாள்வோரின் கடமை பொருட்பாலில் தனியே பேசப்படுகிறது. தனிமனிதரின் கொடை எங்கே முடிகிறது, அரசின் கடமை எங்கே தொடங்குகிறது என்னும் வினா, மக்களாட்சியும் வரிவிதிப்பும் வளர்ந்த இருபதாம் நூற்றாண்டில் கூர்மையடைந்தது.

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர்களுள் ஒருவர் இராஜாஜி. அவர் பிறந்த நிலப்பகுதி கொடைக்குப் பெயர் பெற்றது. தகடூர் எனப்பட்ட இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, சங்க இலக்கியம் போற்றும் வள்ளல்களுள் ஒருவன். ஓசூர், கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை ஆகிய ஊர்கள் அமைந்த இப்பகுதி இராஜாஜியின் காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் உருவாயின. ஆகவே அவருடைய முதல் சோதனைக் களமாகச் சேலம் மாவட்டம் அமைந்தது என்று கூறும்போது, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வரலாறும் அதனுள் அடங்கும்.

பிறப்பும் நகர்மன்றப் பணியும்

இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி ஐயங்கார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர்; தாயார் சிங்காரம்மாள். ஓசூரில் பள்ளிக்கல்வி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம், சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் எனக் கல்வி வளர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறச் சூழலே அவருடைய இளமைக்காலச் சூழலாகும்.

1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய அவர், சில ஆண்டுகளிலேயே மாவட்டத்தின் முன்னணிக் குற்றவியல் வழக்கறிஞர்களுள் ஒருவரானார். நாற்பது வயதை எட்டுமுன்பே மனைவி அலமேலு மங்கம்மாளை இழந்தார். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. பொதுவாழ்வில் அவர் ஆழ்ந்தது இக்காலத்தில்தான். 1911இல் சேலம் நகர்மன்ற உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகப் பணியாற்றினார். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அந்நகர்மன்றத்தில் முதன்முதலாக உறுப்பினராக இடம்பெற்றது அவருடைய தலைமைக் காலத்திலாகும். 1916இல் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சேலத்தில் ஒரு சங்கம் அமைக்கப்பட்டதிலும் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. தமிழில் அறிவியல் கற்பிக்க இயலும் என்பதை வாதத்தால் நிறுவுவதைவிடச் சொற்களை உருவாக்கிக் காட்டுவதே பயன்தரும் என்னும் செயல்நோக்கு இம்முயற்சியில் புலப்படுகிறது.

நகர்மன்றப் பணி சம்பளத்திற்குரிய தொழிலன்று. தம் தொழிலில் வளம் பெற்ற ஒருவர் தம் நேரத்தை ஊருக்கு வழங்கும் முறையே அன்றைய உள்ளாட்சியின் அடிப்படையாக இருந்தது. இந்நிலையில் அவருடைய பொதுத்தொண்டு ஒப்புரவின் எல்லைக்குள் நின்றது: பொருள் ஈட்டுவது ஒரு பக்கம், அதன் பயனை ஊரோடு பகிர்வது மறுபக்கம்.

1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்ததும், அவ்வாண்டு மார்ச்சில் காந்தியடிகள் அவர் இல்லத்தில் தங்கியதும் இந்நிலையை மாற்றின. ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று 1920இல் அவர் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். வருவாயின் ஒரு பகுதியைக் கொடுப்பதற்கு மாறாக, வருவாய்க்குரிய வழியையே கைவிடுதல் இங்கு நிகழ்ந்தது. 1921 டிசம்பரில் சிறைப்பட்டு வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

புதுப்பாளையம் ஆசிரமம்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. அதற்கான நிலத்தை அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் வழங்கினார். ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர் பெரியார் ஈ.வெ. இராமசாமி. அப்போது இருவரும் காங்கிரசில் நெருங்கிய தோழர்கள். ஒருவர் நிலம் கொடுக்க, மற்றொருவர் உழைப்பைக் கொடுக்க, வேறு பலர் பணம் கொடுக்க எழுந்த இந்நிறுவனம் தனிமனிதக் கொடைகளின் கூட்டு வடிவம் எனலாம்.

ஆசிரமத்தின் பணிமுறை எளியது. மழையை நம்பிய அந்த வறண்ட பகுதியின் கிராமப் பெண்களுக்குப் பஞ்சு வழங்கப்பட்டது. அவர்கள் நூற்றுக் கொண்டுவரும் நூலுக்குக் கூலி தரப்பட்டது. நூல் நெசவாளரிடம் சென்று கதர்த்துணியாகி விற்பனைக்கு வந்தது. விளைச்சல் இல்லாத மாதங்களில் வீட்டிலிருந்தபடியே கிடைத்த இக்கூலி, தொகையில் சிறிதாயினும் உழைப்புக்குரிய ஊதியமாக இருந்தது. கை நீட்டிப் பெறும் நிலை பெறுவோருக்கு நேரவில்லை. கொடையைக் கூலியாக மாற்றியதே இதன் சிறப்பு. ஆசிரமத்தில் சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாக வாழ்ந்தனர். தம் குழந்தைகளான நரசிம்மனையும் இலட்சுமியையும் உடன் வைத்துக்கொண்டு இராஜாஜி அங்குக் குடிலில் வாழ்ந்தார்.

மதுவின் தீமையை எடுத்துரைப்பதற்கென்றே 1929இல் விமோசனம் என்னும் மாத இதழ் அங்கிருந்து வெளிவந்தது. இராஜாஜி அதன் ஆசிரியர். பின்னாளில் புகழ்பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி அவருக்குத் துணையாக இருந்தார். பத்து இதழ்களே வந்த விமோசனம் தமிழ் இதழியல் வரலாற்றில் ஒரு தனித்த முயற்சியாகும். குடியால் குலையும் உழவர் குடும்பத்தை இராஜாஜி தம் சிறுகதைகளிலும் எழுதினார். அவற்றுள் ஒன்றான திக்கற்ற பார்வதி 1974இல் திரைப்படமாயிற்று. குடியைத் தனிமனிதக் குற்றமாகக் காட்டுவதோடு நில்லாமல், கடன், வழக்கு, காவல், நீதிமன்றம் ஆகியவற்றோடு பிணைந்த துன்பமாகக் காட்டுவது இக்கதையின் இயல்பு. வழக்கறிஞராக அவர் கண்ட சேலம் மாவட்ட வாழ்வே இதற்கு அடிப்படையாக அமைந்திருக்க வேண்டும்.

ஆசிரமப் பணி ஓர் எல்லையையும் உணர்த்தியது. அறிவுரையால் சிலர் குடியை விட்டனர், கள்ளுக்கடை மூடப்படவில்லை. அக்கடையின் ஏலத்தொகை அரசின் வருவாய்க்குத் தூணாக இருந்தவரை, தொண்டரின் சொல்லும் அரசின் கணக்கும் எதிரெதிராகவே நின்றன. தனிமனிதத் தொண்டு தொட முடியாத அவ்விடத்தைச் சட்டத்தால் மட்டுமே தொட முடியும் என்ற முடிவை நோக்கி அவர் நகர்ந்ததை அடுத்த பத்தாண்டு காட்டுகிறது.

ஆட்சிப் பொறுப்பு: கொடை சட்டமாதல்

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்று முதலமைச்சர் பதவி அப்பெயராலேயே வழங்கியது. காங்கிரசு அமைச்சர்கள் மாதம் ரூ. 500க்கு மேல் சம்பளம் பெறுவதில்லை என்னும் கட்டுப்பாட்டின்கீழ் அமைந்த ஆட்சி அது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூர் முதல் மத்தூர், ஊத்தங்கரை வரையிலான ஊர்களின் கள்ளுக்கடைகள் ஒரே நாளில் சட்டப்படி மூடப்பட்டன. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் இது விரிவடைந்தது.

மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பொருள்கள் அனைத்தின் விற்பனைக்கும் பொதுவாக வரி விதித்த சட்டங்களுள் இந்தியாவில் இதுவே முன்னோடி. குடிப்பவனிடமிருந்து பெற்ற பணத்தை விடுத்து, பொருள் வாங்கும் அனைவரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பெறுவது இதன் அடிப்படை. ஆசிரமத்தில் சிலர் விரும்பிக் கொடுத்த நன்கொடை செய்த பணியை, இங்கு அனைவரும் கட்டாயமாகச் செலுத்தும் வரி செய்தது. ஒப்புரவு சட்ட வடிவம் பெற்ற தருணம் இது.

1938ஆம் ஆண்டின் உழவர் கடன் நிவாரணச் சட்டமும் இவ்வகையினதே. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டிக்காரர் மனமிரங்கி விட்டுக்கொடுக்க வேண்டியதைச் சட்டம் விட்டுக்கொடுக்கச் செய்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த ஆலய நுழைவுக்கும் இராஜாஜி ஆட்சி சட்டப் பாதுகாப்பு அளித்தது.

இதே ஆட்சியின் மற்றொரு முடிவு வேறு விளைவைத் தந்தது. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. நாட்டு ஒற்றுமைக்கான நன்மையாக அதனை அவர் கருதினார். தமிழறிஞர்களும் பெரியாரும் அதைத் தமிழுக்கு எதிரான திணிப்பாகக் கண்டனர். போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தனர். புதுப்பாளையத்தில் ஆசிரமத்தைத் திறந்து வைத்த பெரியாரும் சிறையில் அடைக்கப்பட்டார். 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியபின், 1940 பிப்ரவரியில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. மதுவிலக்கை வரவேற்ற மக்களுள் பலர் மொழித்திணிப்பை எதிர்த்தனர். இவ்விரண்டையும் ஒப்புநோக்குமிடத்து, கொடுப்பவர் நன்மையெனக் கருதுவதைப் பெறுபவரும் அவ்வாறே கருதுகின்றனரா என்னும் கேள்வியே மக்களாட்சியில் தலைமையைச் சோதிக்கிறது என்பது தெளிவாகும்.

இரண்டாம் ஆட்சியும் இசைவின் சிக்கலும்

விடுதலைக்குப்பின் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை தலைமை ஆளுநராகவும், பின்னர் ஒன்றிய உள்துறை அமைச்சராகவும் இராஜாஜி பணியாற்றினார். 1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரசு 152 மட்டுமே பெற்றது. அந்நெருக்கடியில் முதலமைச்சராக அழைக்கப்பட்ட அவர், தேர்தலில் நிற்காமல் மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டு 1952 ஏப்ரல் 10 அன்று பொறுப்பேற்றார். மக்களின் நேரடி வாக்கின்றி ஆளும் நிலை அவருடைய தலைமைக்குத் தொடக்கத்திலேயே ஒரு குறையாக அமைந்தது.

அவ்வாண்டு ஜூனில் உணவுப்பொருள் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை அவர் நீக்கினார். உழவரும் வணிகரும் தடையின்றி விற்றால் பதுக்கல் குறையும் என்ற துணிபு அதில் இருந்தது. அது பலனளித்தது, கட்டுப்பாட்டால் அலுத்திருந்த மக்கள் அதனை ஏற்றனர். தஞ்சைக் குத்தகையாளரையும் பண்ணையாட்களையும் காக்கும் அவசரச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது.

1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் கொண்டுவந்த மாற்றுக் கல்வித் திட்டம் இதற்கு நேர்மாறான முடிவை எய்தியது. பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து இரு முறைகளாக நடத்தினால், இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இருமடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் நிருவாக நோக்கம். எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது அதன் மறுபகுதி. தொழில் சாதியோடு பிணைந்த சமூகத்தில் பெற்றோரின் தொழில் என்பது சாதியின் தொழிலே என்று எதிர்ப்பாளர் சுட்டினர். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தது ஒருபுறமிருக்க, காங்கிரசிற்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

கைத்தொழிலை மதிக்கும் ஆசிரமப் பார்வையே இத்திட்டத்திற்கும் வேர் என்பதில் ஐயமில்லை. ஆசிரமத்தில் நூற்பவர் தாமே விரும்பி வந்தனர். வேண்டாதபோது விலகும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. பள்ளிக் குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை. தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்டோர் அரசிடம் கேட்டது முழுநேரப் பள்ளி. கேட்டதற்கும் கொடுத்ததற்கும் இருந்த இந்த இடைவெளியே திட்டத்தைச் சாய்த்தது.

முதுமையில் ஒரு திரும்புதல்

1954இல் பாரத ரத்னா விருது பெற்ற இராஜாஜி, அடுத்த ஆண்டுகளில் எழுத்தில் ஈடுபட்டார். கல்கி இதழில் தொடராக வெளிவந்த அவருடைய மகாபாரதமும் இராமாயணமும் எளிய உரைநடையால் பரந்த வாசகரைச் சென்றடைந்தன. சக்கரவர்த்தித் திருமகன் 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானித்தது. அவ்வாண்டிலேயே, எண்பது வயது நிறைந்த நிலையில், அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உரிமங்களாலும் அனுமதிகளாலும் அரசு தொழிலை ஆள்வதை அக்கட்சி எதிர்த்தது. செல்வர் தம் செல்வத்திற்கு அறங்காவலர் என்னும் காந்தியக் கருத்தைக் கொள்கையாக ஏற்றது. 1962இல் மக்களவையில் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் பெற்றது. அரசு எல்லாக் கடமைகளையும் தானே ஏற்றால் குடிமக்களின் ஈகையுணர்வு மங்கும் என்பது இக்கால எழுத்துகளின் உள்ளோட்டம். 1937இல் சட்டத்தின் கையை நீட்டியவரே 1959இல் அதனைச் சுருக்க வேண்டினார்.

இதனை முரண்பாடு என்று தள்ளிவிட இயலாது. முதல் நிலையில் அரசு அயலாருடையது. அதன் வருவாய் மக்களின் தீமையிலிருந்து வந்தது. பிந்தைய நிலையில் அரசு சொந்தமானது; அதன் அதிகாரம் வரம்பின்றி வளர்வதாக அவர் அஞ்சினார். எனினும் அக்கட்சிக்கு முன்னாள் அரசர்களும் நிலவுடைமையாளர்களும் தொழிலதிபர்களும் ஆதரவு தந்தனர். அறங்காவல் கொள்கை செல்வரின் மனச்சான்றையே நம்பியிருந்தது. அது தவறும் இடத்தில் வறியவருக்கு என்ன வழி என்பதற்கு அக்கட்சியிடம் போதிய விடை இல்லை.

1962இல் அணுகுண்டுச் சோதனையைக் கைவிட வலியுறுத்தும் தூதுக்குழுவில் அமெரிக்கா சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டுச் சேர்ந்தார். ஒருகாலத்தில் இந்தியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர், இதற்குள் இந்தித் திணிப்பை எதிர்ப்பவராக மாறியிருந்தார். 1971இல் அதே கழகத்தின் ஆட்சி நிதிநிலையைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் கண்டு அதனைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் நிறைவேறவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று அவர் காலமானார். கொள்கையில் வாழ்நாள் எதிரியாக இருந்த பெரியார், நண்பராக அவருடைய இறுதிச் சடங்கிற்கு வந்து கண்கலங்கினார்.

முடிவுரை

இராஜாஜியின் வாழ்வு இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு இரு வகைகளில் நெருக்கமானது. மதுவிலக்கின் இழப்பை ஈடுசெய்ய வந்த விற்பனை வரி, பெயரும் வடிவமும் மாறி 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017இல் சரக்கு மற்றும் சேவை வரியாகவும் தொடர்கிறது. மது வருவாயும் திரும்பிவிட்டது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. ஒன்றுக்கு மாற்றாக வந்தது நிலைபெற, விலக்கப்பட்டதும் உடன் சேர்ந்துகொண்டது. சட்டத்தால் மட்டும் காக்கப்படும் அறம், சட்டம் மாறும்போது மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொன்று, அவர் பிறந்த ஓசூர்ப் பகுதி இன்று தொழிற்பேட்டையாக வளர்ந்துள்ளது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அறங்காவல் கொள்கையும் வரிக் கொள்கையும் சந்திக்கும் இடம் இது. கொடை கட்டாயமாயிற்று, அதனை எப்பணிக்குச் செலவிடுவது என்பது கொடுப்பவர் கையிலேயே உள்ளது. ஓசூரிலோ மத்தூரிலோ ஒரு பள்ளிக்கு வகுப்பறை தேவையா, குடிநீர் தேவையா என்பதை அங்குள்ளோரே நன்கறிவர். அவர்களைக் கேட்காமல் அமையும் பணி, நன்னோக்கம் உடையதாயினும், 1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் குறையையே மீண்டும் செய்வதாகும்.

கொடுப்பதில் இராஜாஜி குறை வைத்தவர் அல்லர்: தொழிலையும் வசதியையும் கொடுத்தார், பதவியையும் இழக்கத் துணிந்தார். பெறுவோரின் குரலைக் கேட்பதில் அவர் வென்ற இடங்களும் தவறிய இடங்களும் உண்டு. புதுப்பாளையத்து நூற்பாளருக்கும் கிராமப் பள்ளிக் குழந்தைக்கும் இடையே உள்ள வேறுபாடு அதனைக் காட்டுகிறது. ஈகை, ஒப்புரவு, ஆட்சி என்னும் மூன்றும் ஒரே வாழ்வில் இணைந்து நின்றும் மோதியும் நின்ற முறையில், அவ்வாழ்வு தமிழ்ச் சமூக வரலாற்றாய்வுக்கு இன்னும் விரிவாகப் பயன்படத்தக்கது.